ஒரு ‘லாம்’ தொலைந்த கதை

ஒரு மாணவியின் பிஎச்.டி. வைவா அன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் பேப்பர் தட்டு. அதில் ஒரு சமோசா, ஒரு ஜாங்கிரி, ஒரு பிடி மிக்சர். எங்கள் பக்கத்தில் பொது வாய்மொழித் தேர்வு என்றால் இதெல்லாம் உண்டு. யார் காசில் என்று மட்டும் கேட்கக் கூடாது. மேசை ஓரத்தில் பொன்னாடைகள் மடித்துத் தயாராக இருந்தன. புறத்தேர்வாளர், ஆய்வேட்டில் தான் ஒட்டி வைத்திருந்த மஞ்சள் சீட்டு ஒன்றைப் பிடித்துப் பக்கத்தைப் புரட்டி ஒரு வாக்கியத்தை வாசித்தார். ஆழ்துளைக் கிணற்றின் ஆழம் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடை அதிகரிக்கச் செய்கிறது என்பது அந்த ஆங்கில வாக்கியத்தின் பொருள். வாசித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “செய்கிறதா? எப்படித் தெரியும்?” என்று கேட்டார். மாணவி பதில் சொல்லாமல் நின்றாள். எனக்குச் சமோசா இறங்கவில்லை. அந்த வாக்கியம் அவள் எழுதியதில்லை, நான் எழுதியது.

நாலு வருடம் ஓடிவிட்டது. இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நான் ஆங்கிலத் துறை. ஆய்வு மாணவர்களுக்கு ‘ரிசர்ச் ரைட்டிங்’ பயிற்சி நடத்துவது பல வருடமாக என் தலையில் விழுந்த வேலை, பிறகு எனக்கே பிடித்துப்போன வேலை. ஐந்து நாள் பட்டறை, முப்பது பேர், கடைசி நாள் சான்றிதழ், குரூப் போட்டோ. அது போக, வருடம் முழுக்க யாராவது ஒருவர் பென்டிரைவோடு என் அறை வாசலில் நிற்பார். “மேம், இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்க.” அந்த ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் எல்லாக் கோளாறும் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அது எனக்கு ஒரு மரியாதையாகப் பட்டது.

எங்களிடம் வருகிறவர்கள் எப்படிப்பட்ட பிள்ளைகள் என்பது தெரிந்ததுதான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. கல்லூரியில் பெயருக்கு ஆங்கில வழி: வாத்தியார் தமிழில் நடத்துவார், நோட்ஸ் ஆங்கிலத்தில் இருக்கும், பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்து இறக்கிவைப்பார்கள். எம்.எஸ்சி. வரைக்கும் இந்த வண்டி ஓடிவிடும். பிஎச்.டி. என்று வந்ததும், இதுவரை ஒரு பத்திகூடச் சொந்தமாக எழுதியிராத பிள்ளையிடம் இருநூறு பக்கம் கேட்கிறோம். அதுவரை யாரும் அந்தப் பிள்ளையிடம் “நீ என்ன சொல்ற?” என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அவள் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். வீட்டில் முதல் பட்டதாரி. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு பற்றிய ஆய்வு. பட்டறைக்கு வந்த முதல் நாளே, ஜவுளிக்கடை கட்டைப்பை ஒன்றில் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். காலையில் ஊரில் பிடித்த தண்ணீர். மாலை ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், அதற்குள் நடுவில் நான். ஒவ்வொரு பாட்டிலிலும் மார்க்கரில் ஊர்ப் பெயர், தேதி, அடிக்கணக்கு. ஏன் கண்ணாடிப் பாட்டில் இல்லை என்று சும்மா கேட்டேன். “ஃப்ளூரைடு கண்ணாடியோட சேந்துக்கும் மேம், கணக்குத் தப்பாப் போயிரும்” என்றாள். நாலு வார்த்தையில் தெளிவான பதில். அந்தத் தெளிவு எதுவும் அவள் எழுதிக் கொண்டுவந்திருந்த பத்துப் பக்கத்தில் இல்லை. அதைப் பார்த்துத்தான், இது மொழிப் பிரச்சினை, இங்கிலீஷை ஒழுங்காக்கினால் போதும் என்று முடிவு கட்டினேன்.

கடின நீர், சிரம நீர்

அந்தப் பத்துப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் எழுதியது பிறர் எழுத்தோடு 34 விழுக்காடு ஒத்திருப்பதாக, எழுத்துத் திருட்டைப் பிடிக்கும் மென்பொருள் காட்டியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 வரைக்கும் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40, 60 என்று படிப்படியாக நடவடிக்கை கூடும். அந்தப் பத்து என்ற எண் நம் ஆய்வு மாணவர்கள் வாழ்க்கையில் சர்க்கரை அளவு மாதிரி ஆகிவிட்டது. “எனக்குப் பதினாலு, உனக்கு எவ்ளோ?” என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். இவளும் யாரோ சொன்ன இணையக் கருவி ஒன்றில் போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச் சொல் வைத்து 8-க்குக் கொண்டுவந்துவிட்டாள். வெற்றிதான். ஆனால் ‘ஹார்டு வாட்டர்’ போய் ‘டிஃபிகல்ட் வாட்டர்’ ஆகியிருந்தது. கடின நீர், சிரம நீர். ஆய்வகத்தில் அளவீட்டுக்குத் தயாரிக்கும் ‘ஸ்டாண்டர்ட் சொல்யூஷன்’, ‘நார்மல் ஆன்சர்’ ஆகியிருந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள், பிறகு கண் கலங்கிவிட்டாள்.

இது அவள் ஒருத்தியின் கூத்தில்லை. 2021-இல் கபனாக், லாபே, மகஸீனோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் உலக அளவில் அச்சான கட்டுரைகளைத் துழாவி, இந்த மாதிரிச் சொற்களுக்கு ‘சித்திரவதைக்குள்ளான சொற்றொடர்கள்’ என்றே பெயர் வைத்தார்கள். செயற்கை நுண்ணறிவைக் ‘கவுன்ட்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்’ என்று எழுதியிருந்தார்கள். அதாவது கள்ளப் பிரக்ஞை. மார்பகப் புற்றுநோய் ‘பூசம் பெரில்’, நெஞ்சு ஆபத்து. பெரிய பதிப்பகங்களின் இதழ்களிலேயே இவை அச்சாகியிருந்தன. திருட்டைத் தடுக்க ஓர் எண்ணை வைத்தோம்; பிள்ளைகள் எண்ணைக் குறைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் போட்டு அவர் பெயரைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று சொல்லித்தர ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்கு முதல் வருடம் கிடைப்பதில்லை. 2019-இலிருந்து ஆய்வு, பதிப்பு அறம் பற்றிய இரண்டு கிரெடிட் பாடம் கட்டாயம். நல்ல பாடம்தான். பல இடங்களில் அதையும் நோட்ஸ் வாங்கிப் படித்துப் பாஸ் செய்துவிடுகிறார்கள்.

சரி, அவளுடைய பக்கங்களை ‘டிஃபிகல்ட் வாட்ட’ரிலிருந்து மீட்டு எடுத்தேன். அதில் எனக்குப் பெருமை. ஒரு மாதம், வாரம் இருமுறை. பட்டறையில் சொல்லித்தரும் பாடங்களையெல்லாம் அவள் மேல் இறக்கினேன். ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை எப்படி நகர்கிறது என்பதற்கு ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் 1990-இல் ஒரு வரைபடம் கொடுத்தார்: முதலில் களத்தைக் காட்டு, அடுத்து அதில் காலி இடம் எது என்று சொல், பிறகு அந்த இடத்தில் போய் உட்கார். உலகம் முழுக்கப் பட்டறைகளில் இதைத்தான் சொல்லித்தருகிறார்கள், நானும்தான். நம் ஊரில் ‘காலி இடம்’ என்றால் என்ன ஆகும் தெரியுமா? “இந்தத் தலைப்பில் இந்த மாவட்டத்தில் யாரும் ஆய்வு செய்யவில்லை.” தலைப்பின் வாலில் ‘வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு’ என்று போட்டு ஊர்ப் பெயர் சேர்த்தால் முடிந்தது. தமிழ்நாட்டில் 38 மாவட்டம், ஒரு தலைப்புக்கு 38 டாக்டர்கள். இவள் தலைப்பிலும் அந்த வால் இருந்தது. ஆனால் இவள் விஷயத்தில் மாவட்டத்தைச் சொல்ல நிஜமாகவே காரணம் இருந்தது. அந்தக் காரணம் அவள் வாயிலேயே இருந்ததை நான் கவனிக்கத்தான் தாமதமாயிற்று.

கையை எடும்மா

பட்டறையின் நான்காம் நாள் பேச்சுப் பயிற்சி. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கி வைத்த மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டி இப்போது பல நாடுகளில் நடக்கிறது. ஒரே ஒரு ஸ்லைடு, மூன்று நிமிடம், அவ்வளவுதான். அதே விதியை நாங்களும் வைத்திருந்தோம். அவள் முறை வந்தபோது மைக்கை ஒரு கையிலும் மறு கையை வாய்க்குப் பக்கத்திலும் வைத்துக்கொண்டு பேசினாள். பின்வரிசையில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. “கையை எடும்மா, ஆடியன்ஸுக்கு உன் முகம் தெரியணும்” என்றேன். எடுத்தாள். எடுத்ததும் குரல் பாதியாகிவிட்டது, உதடு பிரியாமல் பேச ஆரம்பித்தாள். தன்னம்பிக்கைக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டேன்.

மதியம் கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் நின்று வாய் கொப்பளித்தபோது பார்த்தேன். முன்பற்களில் குறுக்காகப் பழுப்புக் கோடுகள். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். “எங்க ஊர்ல எல்லாருக்குமே இப்படித்தாங்க மேம். அம்மாவுக்கு முழங்காலும் மடங்காது” என்று, பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தரநிலை. பல் முளைக்கிற வயதில் அதற்கு மேல் குடித்து வளர்ந்தால் பல்லில் எழுதிவிடும். ஒகேனக்கல்லில் காவிரி கொட்டுவது அதே பென்னாகரம் வட்டத்தில்தான். ஆனால் அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாக ஊர்களுக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்குள் அவள் பற்கள் முளைத்து முடிந்திருந்தன. ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, அடுத்த அமர்வு இருந்தது.

அந்த இரண்டு மதிப்பெண்ணைத் திருத்தினேனா என்று நினைவில்லை.

250 வார்த்தை

இனி அந்த வாக்கியம். ஓர் இதழுக்குக் கட்டுரை அனுப்ப வேண்டியிருந்தது. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை அச்சாகியிருக்க வேண்டும் என்ற 2016 விதியை 2022-இல் மானியக் குழு கைவிட்டுவிட்டது; இது அதற்கு முந்தைய கதை. சுருக்கவுரை 250 வார்த்தைக்குள் வேண்டும் என்பது இதழின் கட்டளை. அவளுடையது 300-ஐத் தாண்டியிருந்தது. இரவு பத்தரை மணிக்கு உட்கார்ந்து வெட்டினேன். ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கை அரிப்பு உண்டு: நீட்டி முழக்காதே, செயப்பாட்டு வினை வேண்டாம், வினைச்சொல் திடமாக இருக்கட்டும். அவள் எழுதியிருந்தது, தமிழில் சொன்னால், “ஆய்வுப் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகளின் ஆழத்தோடு ஃப்ளூரைடு அளவுக்குத் தொடர்பு இருக்கலாம் எனத் தெரிகிறது.” இருக்கலாம் (ஆங்கிலத்தில் ‘மே’), தெரிகிறது, பகுதியில் என்று இத்தனை பதுங்கல் எதற்கு? பயந்த பிள்ளை, அதான் இப்படி எழுதுகிறாள் என்று நினைத்தேன். ‘ஆழம் ஃப்ளூரைடை அதிகரிக்கிறது’ என்று ஆக்கினேன். சில வார்த்தைகள் மிச்சம். வாக்கியம் அம்பு மாதிரி இருந்தது. மறுநாள் அவளிடம் காட்டியபோது, “சூப்பரா இருக்கு மேம்” என்றாள்.

கட்டுரை அச்சானது. அந்தச் சுருக்கவுரையிலிருந்து வாக்கியம் ஆய்வேட்டின் சுருக்கமான சினாப்சிஸுக்குப் போனது, அங்கிருந்து ஆய்வேட்டின் கடைசி இயலுக்குப் போனது. வழிகாட்டி கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மொழியை நான் பார்த்துவிட்டேன் என்று அவர் விட்டார். பொருளை அவர் பார்த்துக்கொள்வார் என்று நான் விட்டேன். இரண்டு பேரும் விட்ட இடத்தில் அந்தப் பெண் நின்றாள், புறத்தேர்வாளர் எதிரே.

அவள் முதலில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். ‘சார், தி டெப்த்…’ என்று இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் அறுந்தது. வழிகாட்டி குனிந்து ஏதோ சொன்னார். தேர்வாளரும் தமிழர்தான், “தமிழ்லயே சொல்லும்மா, பரவால்ல” என்றார். அவள் ஒரு நிமிடம் தரையைப் பார்த்தாள்.

“சார், ஆழமும் ஃப்ளூரைடும் சேந்து கூடுது. அதனால கூடுதுன்னு நான் சொல்ல வரல.”

தேர்வாளர் பேனாவை வைத்துவிட்டார். “இன்னும் கொஞ்சம் சொல்லு.”

“எங்க பக்கம் மேற்கால ஊருங்கள்ல தண்ணி இல்ல சார், அதனால அங்கதான் ஆழமாப் போட்டிருக்காங்க. அந்தப் பக்கம் பாறையும் வேற. அப்ப, ஆழத்தால கூடுதா, பாறையால கூடுதான்னு எங்கிட்ட இருக்குற கிணத்தை வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஒரே பாறையில ஆழமாவும் மேலாலயும் கிணறு இருந்தா சொல்லலாம். எனக்கு அப்படி மூணுதான் கெடைச்சுது.”

பேசி முடிக்கும் வரை கை வாய்க்குப் போகவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளியியல் வகுப்பில், இரண்டு அளவுகள் சேர்ந்து நகர்வது வேறு, ஒன்று மற்றதற்குக் காரணம் என்பது வேறு என்று பக்கம் பக்கமாக நடத்துவார்கள். ‘சேந்து கூடுது’, ‘அதனால கூடுது’. இவ்வளவுதான் விஷயம். கிணறுகளைச் சுற்றி நடந்தவளுக்கு அது தெரிந்திருந்தது. அந்த ‘இருக்கலாம்’ பயத்தில் வந்ததில்லை, அளந்து வைத்தது. 300 வார்த்தையில் மிகச் சரியான ஒன்றைத்தான் நான் தேடிப் பிடித்து வெட்டியிருக்கிறேன்.

“இவ்வளவு தெளிவா இருக்கே, அப்புறம் ஏன்மா இப்படி எழுதின?” என்றார் தேர்வாளர். அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை எழுந்திருப்பேன். “திருத்திடறேன் சார்” என்றாள். கைதட்டல், பொன்னாடை, போட்டோ. நான் எழுந்திருக்கவில்லை.

அறியமுடிகிறது

அன்று பிரியாணிக்கு நடுவில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “அது நான் மாத்தினதும்மா” என்றேன். “தெரியும் மேம்” என்றாள். “அப்பவே ஏன் சொல்லல?” கொஞ்சம் யோசித்தாள். “இங்கிலீஷ்ல அப்படித்தான் எழுதணும் போலன்னு நெனச்சேன்.”

இந்தப் பதிலைத்தான் என்னால் கீழே வைக்க முடியவில்லை. தன் கிணறுகளைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைவிட, ஆங்கிலம் தெரிந்தவள் சொல்வது சரியாக இருக்கும் என்று ஐந்து வருடம் ஆய்வு செய்த ஒருத்தி நினைத்திருக்கிறாள். அப்படி நினைக்கும்படி ஆக்கியதில் என் பட்டறைக்கும் பங்கு உண்டு. சிவப்பு மையில் நான் திருத்திய ஒவ்வொரு ‘தி’யும் ‘ஆன்’னும் அவளிடம் ஒரே சேதியைத்தான் சொல்லியிருக்கும்: உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

இதெல்லாம் ஆங்கிலத்தால் வந்த வினை, தமிழில் எழுதவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது பின்னூட்டம் போடுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ்த் துறை ஆய்வேடுகளும் என்னிடம் வரும், நட்புக்காகப் படித்துப் பார்ப்பேன். எதைத் திறந்தாலும் வாக்கியம் ‘அறியமுடிகிறது’ என்றுதான் முடிகிறது. அது சலித்தால் ‘காணமுடிகிறது’, ‘புலனாகிறது’. கபிலர் குறிஞ்சி பாடியதும் அறியமுடிகிறது, சங்ககாலத்தில் ஏற்றத்தாழ்வு இருந்ததும் அறியமுடிகிறது, ஆய்வாளரின் சொந்த ஊகமும் அறியமுடிகிறது. எது ஊரறிந்தது, எது இவர் கண்டது, எது சும்மா தோன்றியது என்று பிரிக்க வழியே இல்லை. யார் அறிந்தார் என்பதும் தெரியாது. ஆங்கிலத்தில் ‘இட் இஸ் அப்சர்வ்டு தட்’ செய்கிற அதே வேலை.

பேச்சுத் தமிழில் இந்தக் குழப்பம் கிடையாது. மழை பெஞ்சுது என்றால் நான் பார்த்தேன். பெஞ்சுதாம் என்றால் யாரோ சொன்னார்கள். பெஞ்சிருக்கும் என்றால் தரை ஈரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். பெஞ்சிருக்கலாம் என்றால் எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ‘பெஞ்சுதாம்’ என்பதில் வருகிற ‘ஆம்’ இருக்கிறதே, அது மேற்கோள் குறியேதான். போர் போடுகிற ரிக் வண்டிக்காரரும் “ஐநூறு அடிக்குக் கீழ போனா தண்ணி ஒரு மாதிரி இருக்குமாம்” என்று, தான் பார்க்காததைப் பார்க்காததாகவேதான் சொல்வார். பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும் இந்த வால்களையெல்லாம் நறுக்கிவிடுகிறோம்.

இதைப் பட்டறையில் சொல்லிக்கொண்டிருந்தபோது தமிழ்த் துறை மாணவர் ஒருவர் கை தூக்கினார். “மேடம், நன்னூல்ல எழுவகை மதம்னு ஒண்ணு இருக்கு.” சொல்லச் சொன்னேன். மதம் என்றால் இங்கே கொள்கை, நிலைப்பாடு. உடன்படல், மறுத்தல், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிறுவுதல், இரண்டு பேர் முரண்படும் இடத்தில் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலில் உள்ள குற்றம் காட்டல், யாரோடும் சேராமல் தன் கொள்கையைக் கொள்ளல். முன்னாய்வு மதிப்பீடு என்ற இயலில் மாணவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான் பத்து ஸ்லைடில் சொல்வதை, 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தி ஒரு நூற்பாவில் முடித்துவிட்டார். எல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னார்கள் என்று மார்தட்டும் கூட்டத்தில் நான் இல்லை. பவணந்திக்கு ஃப்ளூரைடு தெரியாது. ஆனாலும் அந்த ஸ்லைடுகளை அன்றே தூக்கிவிட்டேன். ‘இவர் இதைச் சொன்னார், அவர் அதைச் சொன்னார்’ என்று நாற்பது பக்கம் அடுக்கி வருகிறவர்களிடம், ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் ஏழில் எந்த மதம் என்று பென்சிலால் எழுதச் சொல்கிறேன். பெரும்பாலும் எல்லாமே உடன்படல். சிரித்துக்கொண்டே எழுதுவார்கள், மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிடும். நன்னூல் சொன்ன அந்த மாணவரின் ஆய்வேட்டை வாங்கிப் பார்த்தேன். அறியமுடிகிறது, அறியமுடிகிறது, அறியமுடிகிறது.

இப்போது முதல் நாள் யாரும் லேப்டாப் திறப்பதில்லை. தன் ஆய்வில் கண்ட ஒன்றை, வீட்டில் பேசுகிற மொழியில், பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்ல வேண்டும். தெலுங்கு, சௌராஷ்டிரம், எதுவானாலும் சரி. கேட்கிறவர் ஒரே கேள்விதான் கேட்க வேண்டும்: பார்த்தியா, கேட்டியா, நினைக்கிறியா? இரண்டாம் நாள்தான் அதை ஆங்கிலத்தில் எழுதுவார்கள். அப்போது மாணவர் பக்கத்தில் உட்காராமல் ஒரு வரிகூடத் திருத்த மாட்டேன். பென்டிரைவை வாங்குவதை நிறுத்திவிட்டேன். இதனால் முப்பது பேரில் ஒன்பது, பத்துப் பேரோடுதான் ஒழுங்காக வேலை செய்ய முடிகிறது. மேலிடத்துக்கு முப்பது சான்றிதழும் குரூப் போட்டோவும் வேண்டும், கொடுத்துவிடுகிறேன்.

பென்டிரைவ் வராததற்கு என் கொள்கை மட்டும் காரணமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தபின் இங்கிலீஷ் ‘மட்டும்’ பார்த்துக் கொடுக்க ஆள் தேவையில்லாமல் போய்விட்டது. மாணவர்கள் கொண்டுவரும் பக்கங்கள் இப்போது வழவழவென்று இருக்கின்றன. இலக்கணப் பிழை தேடினாலும் கிடைக்காது. நான் இரவு பத்தரை மணிக்குக் கண் எரிய உட்கார்ந்து செய்த அதே தப்பை அது அரை நொடியில் செய்கிறது. சில சமயம் இருக்கிற ‘லாம்’மை எடுத்துவிடுகிறது, சில சமயம் தேவையில்லாத இடத்தில் நாலு ‘லாம்’ வைக்கிறது. மாணவர் அதைப் பார்த்தும் “சூப்பரா இருக்கு” என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆய்வேட்டில் அவள் அந்த வாக்கியத்தைத் திருத்திவிட்டாள். காந்திநகரிலிருந்து இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஆய்வேட்டு இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் இப்போது இருப்பது திருத்திய பிரதி. அச்சான கட்டுரையில் மட்டும் என் அம்பு அப்படியே நிற்கிறது. இதழுக்குப் பிழைத்திருத்தம் இரண்டு முறை அனுப்பினோம், பதில் இல்லை. ‘ஆழம் ஃப்ளூரைடை அதிகரிக்கிறது’ என்று அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி வேறு ஊர்க்காரர் ஒருவர் எழுதியிருப்பதைப் போன வருடம் பார்த்தேன். பவணந்தி கணக்கில் அது உடன்படல்.

அவள் இப்போது ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். போன மாதம் வாட்ஸப்பில் ஒரு கோப்பு வந்தது, அவளுடைய மாணவி ஒருத்தியின் சுருக்கவுரை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், பின்னால் பஸ் ஹாரன் சத்தத்தோடு: “மேம், இங்கிலீஷ் பாத்துக் குடுங்க. ‘மே’ வர்ற எடமெல்லாம் நானும் அவளும் உக்காந்து எண்ணி வச்சது, அஞ்சு இருக்கும். அதுல மட்டும் கை வைக்காதீங்க.”

திறந்து எண்ணினேன். ஐந்து இருந்தது.